உள்ளது யாது? சுவாரெஸ் பாதிரியார் விடுத்த விடை

மும்பையிலும் புனேயிலும் மங்களூரிலும் வாழும் தமிழருள் பலர் விடுமுறை நாட்களில் பழைய கோவாவிற்குச் சென்று வந்திருப்பர். அங்குள்ள பெருங்கோயில்களைக் கண்டு மீள்வோர், சாலையோரத்தே தனித்து நிற்கும் ஒரு கல்வாயிலைப் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. அது தூய பவுல் கல்லூரியின் எச்சம். 1556-ஆம் ஆண்டில் அபிசீனியாவிற்கென்று போர்த்துகலிலிருந்து புறப்பட்ட அச்சுப்பொறி ஒன்று இடைவழியில் இக்கல்லூரியிலேயே தங்கிவிட்டது. இந்திய மண்ணில் முதன்முதல் அச்சேறியதாகக் கருதப்படுவது அவ்வாண்டில் இங்கு வெளிவந்த ஓர் ஏடு. அது பக்தி நூலுமன்று, அகராதியுமன்று. மாணவர் அவையில் நின்று வாதிடுதற்குரிய துணிபுரைகளின் தொகுதி அது. தருக்க நூலார் அத்தகைய உரைகளை ‘மேற்கோள்’ என்பர். அவ்வேட்டின் படி ஒன்றேனும் இன்று கிடைத்திலது.

அம்மாணவர் பயின்ற கல்வி கோவாவிற்கே உரியதன்று. லிஸ்பனிலும் கொயிம்பிராவிலும் சாலமாங்காவிலும் உரோமையிலும் ஏறக்குறைய அதே பாடங்கள் நடைபெற்றன. முதலில் அரிஸ்டாட்டிலின் தருக்கம், பின்னர் இயற்கை நூல், முடிவில் மெய்ப்பொருளியல். ஐரோப்பியப் பள்ளிகளிலே பல நூற்றாண்டு வளர்ந்த இம்மரபினை ஸ்கொலாஸ்டிக் மரபு என்பர். நாம் பள்ளித் தத்துவம் என்று சொல்லிக்கொள்வோம். 1606-இல் மதுரை வந்து, தமிழில் உரைநடை நூல்கள் இயற்றித் தத்துவ போதகர் என்று பெயர் பெற்ற இராபர்ட் தெ நொபிலியும் இக்கல்வியைப் பெற்றவரே.

இப்பள்ளிகளின் கடைசிப் பாடத்தில் நின்ற தலையாய வினா ஒன்று. உள்ளது என்று சொல்கிறோமே, அச்சொல்லால் எதனைக் கருதுகிறோம்? மேசை உள்ளது, அதன் நிறம் உள்ளது, ஆன்மா உள்ளது, இறைவன் உள்ளான் என்னும்போது ஒரே பொருளில் பேசுகிறோமா, வெவ்வேறு பொருளில் பேசுகிறோமா? தமிழ் கற்றோர்க்கு இவ்வினா அத்துணை அயலானதன்று. ‘உண்மை’ என்னும் நம் சொல்லே உள்ளதாந் தன்மை என்று பொருள்படுவது. இருத்தலையும் மெய்ம்மையையும் அவ்வொரு சொல்லே தாங்கி நிற்கிறது. உள்ளதனைத்தும் மெய், மெய்யனைத்தும் உள்ளது என்று இலத்தீன் ஆசிரியர் நெடிய வாதங்களால் நிறுவியதனைத் தமிழ் தன் சொல்லமைப்பிலேயே வைத்திருக்கிறது எனலாம்.

இவ்வினாவிற்குப் புதியதொரு வடிவு கொடுத்தவர் பிரான்சிஸ்கோ சுவாரெஸ் என்னும் இஸ்பானியப் பாதிரியார். 1548-இல் கிரானாடாவில் பிறந்தவர். 1564-இல் சாலமாங்காவில் இயேசு சபையிற் சேர விண்ணப்பித்த ஏறத்தாழ ஐம்பதின்மருள், உடல்நலமும் அறிவுத்திறமும் போதா என்று விலக்கப்பட்டவர் அவர். விடாது முயன்ற பின்னரே இடம் பெற்றார். தத்துவப் பாடம் தொடக்கத்தில் அவர்க்கு ஏறவில்லை. அத்தகையவர் பின்னாளில் செகோவியா, வல்லடோலிட், உரோமை, அல்கலா, சாலமாங்கா ஆகிய ஊர்களில் ஆசிரியராயிருந்து, இறுதியில் கொயிம்பிராப் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பேராசிரியராய் விளங்கி, 1617-இல் லிஸ்பனில் மறைந்தார். அரசர் அதிகாரத்திற்கு வரம்புண்டு என்று அவர் 1613-இல் வெளியிட்ட நூலை இங்கிலாந்தின் முதலாம் ஜேம்ஸ் மன்னர் இலண்டனில் எரிக்கச் செய்தார் என்பது அவர் வரலாற்றில் வேறொரு பக்கம். நாம் இங்கு அதனுட் புகவில்லை.

சுவாரெஸ் இறையியலுக்கு உரை வரைந்துகொண்டிருந்தவர். ஒவ்வோர் இடத்தும் ‘உள்ளது’, ‘ஒன்று’, ‘காரணம்’ என்னும் அடிப்படைச் சொற்களை விளக்குதற்கு உரையை நிறுத்த வேண்டியிருந்தது. மேல்மாடி கட்டும்போது அடிப்படை போதாதென்று கண்ட கொத்தனைப் போல, எடுத்த வேலையை இடையில் வைத்துவிட்டு அடிப்படைக்கே திரும்பினார். அங்ஙனம் எழுந்ததே 1597-இல் சாலமாங்காவில் இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்த ‘மெய்ப்பொருளியல் வாதங்கள்’. அதில் 54 வாதங்கள் உள.

அதுகாறும் மெய்ப்பொருளியல் எழுதினோர் பெரும்பாலும் அரிஸ்டாட்டில் நூலை முன்வைத்து அதற்கு உரை கண்டனர். மூலநூல் எங்குச் சுற்றுகிறதோ அங்கெல்லாம் உரையும் சுற்றும். சுவாரெஸ் அவ்வழக்கை விடுத்தார். அரிஸ்டாட்டிலை நாடுவோர்க்கென ஒரு நீண்ட அட்டவணையை மட்டும் சேர்த்துவிட்டு, பொருளின் முறையையே நூலின் முறையாக்கினார். உள்ளது என்பதன் பொது இலக்கணம் முதலில், பின்னர் ஒருமை, மெய்ம்மை, நன்மை என்னும் அதன் பண்புகள், பின்னர்க் காரணங்கள், அதன்பின் அளவிலாததாகிய இறைவனும் அளவுட்பட்ட பிறவும். உரைநூல் போய்த் தனிநூல் வந்தது. இம்மாற்றம் சிறிதன்று. மெய்ப்பொருளியல் தன் காலில் நிற்கத் தொடங்கியது அன்றுதான் என்று நாம் கருதுகிறோம்.

இனி அவர் கொண்ட துணிபினைக் காண்போம். எண்ணம் என்னும் சொல் இரண்டினைக் குறிக்கும் என்று பள்ளியாசிரியர் பிரித்தனர். உள்ளத்தே நிகழும் எண்ணும் செயல் ஒன்று. அச்செயலால் எண்ணப்படும் பொருள் மற்றொன்று. யானையை நினைக்கும் நினைவு நம் உள்ளத்தில் உள்ளது. நினைக்கப்பட்ட யானையோ காட்டில் நிற்பது. மெய்ப்பொருளியல் ஆராய்வது எண்ணும் செயலையன்று, ‘உள்ளது’ என்று எண்ணும்போது எண்ணப்படும் அதனையே என்றார் சுவாரெஸ். அங்ஙனம் எண்ணப்படுவது ஒன்றே என்பதும் அவர் கொள்கை. முன்னோர் இதில் மாறுபட்டனர். 1308-இல் மறைந்த தன்ஸ் ஸ்கோட்டஸ், ‘உள்ளது’ என்பது இறைவனுக்கும் உயிர்க்கும் ஒரே பொருளில் பொருந்தும் என்றார். தொமினிக்க சபையின் கயேத்தான் 1498-இல், அது விகிதவொப்புமையால் மட்டும் பொருந்தும் என்று எழுதினார். சுவாரெஸ் இருவர்க்கும் இடையே நின்றார். எண்ணப்படுவது ஒன்றே, ஆயினும் இறைவன்பால் அது தானே நிற்கிறது, பிறவற்றின்பால் இறைவனைச் சார்ந்து நிற்கிறது என்றார். இவ்விடையில் இரு சாராரும் மனநிறைவு கொண்டாரல்லர்.

அடுத்த படியே நூலின் நெஞ்சம் போன்றது. இலத்தீன் மொழியில் உள்ளதைக் குறிக்கும் ‘என்ஸ்’ என்னும் சொல் வினையெச்சமுமன்று, வெறும் பெயருமன்று. வினையின்கண் பிறந்து பெயராகவும் வழங்குவது. நம் இலக்கணத்தின் வினையாலணையும் பெயரோடு ஒருவாறு ஒப்பிடத்தக்கது. அச்சொல் வினையை நோக்கி நிற்கும்போது, இப்பொழுது மெய்யாகவே இருந்துகொண்டிருப்பதைக் குறிக்கும். பெயராய் நிற்கும்போதோ, இருத்தற்குரிய மெய்யான சாரம் உடையதைக் குறிக்கும். அது இப்பொழுது இருக்கிறதா என்று அச்சொல் கேளாது. ‘பாடுகின்றவன்’ என்றால் பாட்டு நடந்துகொண்டிருக்க வேண்டும். ‘பாடகன்’ என்றாலோ அவன் உறங்கும்போதும் பாடகனே. இது ஒருபுடை உவமைதான். உறங்கும் பாடகன் உலகில் இருக்கிறான். சுவாரெஸ் கூறும் பெயர்ப்பொருளுக்கு அவ்விருப்புங்கூட வேண்டுவதில்லை. தன்னுள் முரண்பாடின்றி, உள்ளம் வெறுமனே புனைந்ததாக இன்றி, இருக்கக்கூடியதாயின் அது போதும்.

மெய்ப்பொருளியல் ஆராயும் ‘உள்ளது’ இப்பெயர்ப்பொருளில் உள்ளதே என்று அவர் முடிவு செய்தார். இருப்பினை மறுப்பதன்று, கருதாது விடுவதே என்று கவனமாகவும் சொன்னார். ஆயினும் கருதாது விடப்பட்டது யாது என்று எண்ணிப் பார்த்தால் சற்றுத் திகைப்பே உண்டாகிறது. உள்ளதைப் பற்றிய கலையில், ‘இருத்தல்’ என்பதே புறத்தே நிறுத்தப்பட்டது. ‘இருக்கக்கூடுமை’ அரியணை ஏறியது.

இதனைப் பொறாதவர் சாலமாங்காவிலேயே இருந்தனர். தொமிங்கோ பாஞெஸ் என்னும் தொமினிக்கத் துறவி, அவிலாவின் தெரேசாவிற்கு ஆன்மிக வழிகாட்டியாயிருந்தவர், புனித தோமாவின் கருத்தை உயர்த்திப் பிடித்தார். 1274-இல் மறைந்த தோமா அக்குவினார், ஒரு பொருளில் அதன் சாரம் வேறு, அதன் இருப்பு வேறு என்றும், இருப்பே எல்லா நிறைவுகளுக்கும் நிறைவு என்றும் கருதியதாக அவர் வழியினர் கொண்டனர். இதில் ஒரு பெரும் பொருள் அடங்கியிருந்தது. சாரமும் இருப்பும் ஒன்றேயாயின், மனிதன் மனிதனாயிருப்பதனாலேயே இருந்துவிடுவான். அவனை இருக்கச் செய்ய இறைவன் வேண்டுவதில்லை. இறைவனொருவனே தன் இயல்பினாலேயே இருப்பவன். ஏனைய யாவும் இருப்பினை இரந்து பெற்றவை. இவ்வேறுபாட்டைக் காத்தற்கு, படைக்கப்பட்டவற்றில் சாரத்தையும் இருப்பையும் மெய்யாகவே இரண்டென்று கொள்ளுதல் வேண்டும் என்பது அவர்தம் வாதம்.

சுவாரெஸின் 31-ஆம் வாதம் இதற்கு மறுமொழி. மிக நீண்ட அவ்வாதத்தின் உயிர்நிலை எளியது. இருப்பினைப் பெறுதற்கு முன் சாரம் யாது? ஒன்றுமில்லை. ஒன்றுமில்லாதது ஒன்றனைப் பெறுதல் எங்ஙனம்? வனையாத குடத்தில் நீர் வார்ப்பார் இல்லை. ஆகவே சாரம் ஒரு கலம், இருப்பு அதில் வார்க்கும் நீர் என்று எண்ணுதல் பிழை. இறைவன் படைக்கும்போது சாரம் முழுவதையுமே படைக்கிறான். படைக்கப்பட்ட சாரமே இருப்பு. நாம் இரண்டாகப் பிரிப்பது அறிவினால். அப்பிரிவுக்குப் பொருளிடத்தே ஓர் அடிப்படையுண்டு, ஆயினும் பொருளில் இரண்டில்லை. உயிர்கள் இறைவனைச் சார்ந்திருத்தலும் இதனாற் கெடுவதில்லை. அவை தம்மில் ஒரு துகளும் எஞ்சாமல் அவனாலேயே ஆயின அல்லவா? இல்லாதது தோன்றுமோ என்று நம் நாட்டுச் சாங்கியரும் நியாயரும் வழக்கிட்டதை அறிந்தோர்க்கு இதனைக் கேட்டவுடன் அவ்வழக்கு நினைவிற்கு வரும். ஆனால் அங்குக் குடம் மண்ணினின்று வருகிறது, இங்கு யாதொன்றினின்றும் வாராமல் படைக்கப்படுகிறது. இரண்டினையும் ஒன்றாக்குதல் தகாது.

வாதத்தின் கூர்மையில் சுவாரெஸ் வென்றார் என்றே நாம் சொல்வோம். ஆயினும் பாஞெஸ் பக்கத்தார் அஞ்சியது வீணான அச்சமுமன்று. அவ்வழக்கு அத்துடன் முடிந்துவிடவுமில்லை. 1914-இல் உரோமை வெளியிட்ட தோமியத் துணிபுகள் 24-இல், சாரமும் இருப்பும் மெய்யாக வேறு என்பது இடம்பெற்றது. மூன்று நூற்றாண்டு கழிந்தும் சுவாரெஸ் வழியினர் அதற்குச் சமாதானம் தேட வேண்டியிருந்தது.

சாரம் படைப்பிற்கு முன் ஒன்றுமில்லை என்றால் வேறொரு முடிச்சு விழுகிறது. பள்ளியாசிரியர் நெடுங்காலமாக ஓர் எடுத்துக்காட்டை விரும்பினர். பனிக்காலத்தில் உலகில் ரோசா ஒன்றுகூட இல்லையென்று வைத்துக்கொள்வோம். ‘ரோசா ஒரு மலர்’ என்பது அப்போது மெய்யா? மனிதரே இல்லாத காலத்தில் ‘மனிதன் உயிருள்ளவன்’ என்பது மெய்யா? மெய்யெனின், ஒன்றுமில்லாத ஒன்றைப் பற்றி அது எவ்வாறு மெய்யாகும்? இறைவன் அறிந்திருத்தலாலே அவை மெய் என்று சிலர் விடை கூறினர். சுவாரெஸ் அதனை ஏற்றாரில்லை. இறைவன் அறிதலால் அவை மெய்யாவதில்லை. அவை மெய்யாயிருத்தலாலேயே இறைவன் அறிகிறான் என்றார். ஒரு பொருளைப் படைக்கத்தக்க காரணமே இல்லாதொழியினும் அதன் இலக்கணத்தைக் கூறும் உரை மெய்யாகவே நிற்கும் என்னும் அளவிற்குச் சென்றார். ஆழ்ந்த பக்தியுடைய ஒரு துறவி, பொருள்களின் உண்மைக்கு இறைவனிடத்தும் சாராத ஓர் உறுதியை இங்ஙனம் அளித்தது வியப்பிற்குரியது.

இதன் எதிரொலி விரைவில் எழுந்தது. இயேசு சபையாரின் லா பிளெஷ் கல்லூரியில் பயின்ற ரெனே தெக்கார்த், 1630-இல் மெர்சென் பாதிரியார்க்கு எழுதிய கடிதங்களில் இதற்கு நேர்மாறான கொள்கையை உரைத்தார். மன்னன் தன் நாட்டிற் சட்டம் விதிப்பதுபோலக் கணித உண்மைகளையும் இறைவனே விதித்தான். அவனையின்றி அவை மெய்யாயிருக்கும் என்பது அவனை விதிக்கு அடிமையாக்குவதாகும் என்பது தெக்கார்த்தின் கருத்து. சுவாரெஸின் பெயரை அக்கடிதங்களில் அவர் சொல்லவில்லை. ஆயினும் கேட்போர்க்கு எவரை மறுக்கிறார் என்பது விளங்கும். பள்ளித் தத்துவத்தைப் புறந்தள்ளியவர் என்று பாடநூல்கள் புகழும் தெக்கார்த், 1641-இல் வெளிவந்த தம் ‘தியானங்கள்’ நூலில் இறைவனுண்மையை நிறுவும்போது எண்ணும் செயலுக்கும் எண்ணப்படும் பொருளுக்கும் உரிய பழைய வேறுபாட்டினையே கருவியாகக் கொண்டார். தடைகளுக்கு விடையிறுக்குமிடத்துச் சுவாரெஸின் 9-ஆம் வாதத்தைப் பெயர்சுட்டித் துணைக்கழைத்தும் இருக்கிறார்.

நூலின் கடைசி வாதமாகிய 54-ஆவது, கற்போர்க்கு இன்றும் சுவை தருவது. இருக்கக்கூடியது உள்ளதாயின், இருக்கவே முடியாதது யாது? ஐரோப்பியர் இதற்கு ஆட்டுடலும் மான்தலையும் கலந்த விலங்கினைச் சான்றாகக் கூறுவர். நாம் முயற்கொம்பு என்போம், ஆகாயத் தாமரை என்போம். இவை உள்ளத்தின்கண் மட்டும் ‘உள்ளவை’. இவற்றோடு குருடு முதலிய இன்மைகளையும் சுவாரெஸ் சேர்த்தார். கண்ணின்மை ஒரு பொருளன்று. ஆயினும் ‘அவனுக்குக் குருடு உண்டு’ என்று உள்ள பொருளைப் போலவே அதனைப் பேசுகிறோம். இவற்றை உள்பொருள்களின் நிழல்கள் போல்வன என்றார். மெய்ப்பொருளியலுக்கு உரிய பொருள் இவையல்ல என்று வாயிலில் நிறுத்திவிட்டு, இவற்றையின்றித் தருக்கமும் பிற கலைகளும் நடவா என்பதனால், வாயிலருகே ஒரு திண்ணையும் இட்டுக் கொடுத்தார் என்று சொல்லலாம்.

திண்ணையில் இருந்தவை உள்ளே நுழைய நெடுநாள் ஆகவில்லை. சுவாரெஸின் நூல் கத்தோலிக்க நாடுகளோடு நில்லாமல், அவர்தம் சமயத்தை எதிர்த்த செருமானிய, ஒல்லாந்துப் பல்கலைக்கழகங்களிலும் பாடநூலாயிற்று. லெய்டன் நகரத்து ஹேரெபோர்ட் என்னும் புரொட்டஸ்டண்டு ஆசிரியர், மெய்ப்பொருளியலார் அனைவர்க்கும் அவரே போப்பரசர் என்று எழுதினார். போப்பரசரை ஏற்காதார் வாயில் வந்த புகழ் அது. லைப்னிட்ஸ் இளமையிற் சுவாரெஸைப் பிறர் கதைநூல் படிப்பதுபோல் எளிதாகப் படித்ததாகத் தாமே குறித்துள்ளார். அத்தகைய பள்ளிகளிலேதான் வரம்பு மெல்ல நெகிழ்ந்தது. 1604-இல் கிளெமன்ஸ் திம்ப்ளர், மெய்ப்பொருளியலின் பொருள் உள்ளது மட்டுமன்று, அறியத்தக்க அனைத்தும் என்றார். 1606-இல் யாக்கோப் லோர்ஹார்ட் தம் நூலில் ‘ஒன்டோலோகியா’ என்னும் புதுச்சொல்லை வழங்கினார். இன்று உள்பொருளியல் என்று நாம் மொழிபெயர்க்கும் சொல் அரிஸ்டாட்டில் காலத்துக் கிரேக்கச் சொல் என்று பலர் எண்ணுவதுண்டு. அது 17-ஆம் நூற்றாண்டில் கிரேக்க வேர்களைக் கொண்டு பள்ளி ஆசிரியர் புனைந்ததே. 1647-இல் யோஹான் கிளௌபெர்க், உள்ளது என்பதன் மிக விரிந்த பொருள் ‘எண்ணத்தக்கது’ என்பதே என்று தொடங்கி, அதனினின்று படிப்படியாக மெய்ப்பொருளுக்கு இறங்கி வந்தார். சுவாரெஸ் வாயிலில் நிறுத்தியது இப்போது நடுக்கூடத்தில் அமர்ந்தது.

18-ஆம் நூற்றாண்டில் கிறிஸ்டியன் வோல்ஃப் 1730 என்னும் ஆண்டினைத் தாங்கி வந்த தம் ‘உள்பொருளியல்’ நூலில், இருக்கக்கூடியதே உள்ளது என்று இலக்கணம் வகுத்தார். இருப்பு யாதெனின், கூடுமையை நிரப்புவது என்றார், அவ்வளவே. சுவாரெஸை அதே நூலில் மனமாரப் புகழ்ந்துமிருக்கிறார். ஆனால் ‘நிரப்புவது’ என்னும் சொல்லைச் சுவாரெஸ் ஏற்றிருப்பாரா? சாரத்தின் மேல் வெளியினின்று வந்து சேர்வது இருப்பு என்பதைத்தானே அவர் அத்துணைப் பக்கங்களில் மறுத்தார்! குருவின் முதற்படியைப் பற்றிக்கொண்டு, அவர் அறுத்தெறிந்த கயிற்றையே மீண்டும் முடிந்துவிட்டனர் மாணவர். இருபதாம் நூற்றாண்டில் எட்டியென் ழில்சோன் என்னும் பிரெஞ்சு அறிஞர், ஐரோப்பியத் தத்துவம் இருத்தலை மறந்ததற்குச் சுவாரெஸையே பெரிதும் பொறுப்பாக்கினார். அவ்வழக்கில் குற்றச்சாட்டின் ஒரு பாதி மட்டுமே அவர்மேற் சாரும் என்பது நம் கருத்து. இருத்தலைக் கருதாது விட்டவர் அவர். ஒரு சேர்க்கைப் பொருளாகத் தாழ்த்தியவர் அவரல்லர்.

வோல்ஃபின் வழிவந்த பௌம்கார்ட்டன் 1739-இல் வெளியிட்ட மெய்ப்பொருளியல் நூலை வைத்துக்கொண்டு, கூனிக்ஸ்பெர்க் நகரில் பல ஆண்டுகள் பாடஞ் சொன்னவர் இம்மானுவேல் கான்ட். 1781-இல் வெளிவந்த அவருடைய பெருநூலில் நூறு வெள்ளி நாணயங்களைப் பற்றிய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு வருகிறது. எண்ணத்திலுள்ள நூறு நாணயத்திற்கும் கையிலுள்ள நூறு நாணயத்திற்கும் எண்ணிக்கையில் ஒரு காசும் வேறுபாடில்லை. இருப்பு என்பது பொருளின் பண்புகளோடு கூட்டத்தக்க மற்றுமொரு பண்பன்று. ஆயினும் பையில் நாணயம் உள்ளவன் நிலை வேறு என்றார் கான்ட். வோல்ஃபின் ‘நிரப்புவது’ இவ்வடியில் வீழ்ந்தது. அதனை வீழ்த்திய வாதத்தின் ஒரு பாதி, இருப்பு சாரத்தின்மேல் சேர்க்கப்படுவதன்று என்னும் பாதி, சாலமாங்காவில் 1597-இல் அச்சேறிய 31-ஆம் வாதத்தில் முன்னமே இருக்கிறது.